தோல் படகு போட்ட முந்தானை

மயில் போட்ட புடவை கேட்டு வருபவரை யானை போட்டதோடு அனுப்பத் தெரியாதவன் பட்டுக் கடை வைக்கக் கூடாது. எனக்கு அது கைவந்த கலை. அப்பேர்ப்பட்ட என்னையே ஒரு படகு படுத்திய பாட்டைக் கேளுங்கள்.

மாங்காய் போகாத ஊர்

ஏனாத்தூர்ப் பையன் பாபு கிரீன்லாந்துப் பெண்ணைக் கட்டப்போகிறான். பெண்ணின் அம்மாவுக்குப் பட்டுப்புடவை; முந்தானையில், வெள்ளைக்காரன் வந்து குடியேறுவதற்கு முன்னால் அவர்கள் முன்னோர் பனிக்கடலில் ஓட்டிய படகு வேண்டுமாம், பக்கத்தில் திமிங்கலமும். படகு தப்பானால் புடவை என் தலையில். திமிங்கலப் புடவையை இந்த ஊரில் யார் கட்டுவார்கள்? மாங்காய் பார்டரில் முடித்துக்கொள்ளலாம் என்று பாபுவிடம் அடித்துப் பேசினேன்.

"அங்க மரமே இல்லண்ணே. மாங்கா எங்கேர்ந்து வரும்?"

தெப்பம்

டிசைன் போடும் தாமோதரன் வரைந்து வந்ததைப் பார்த்ததும் சுர்ரென்று ஏறியது. நாலு தூண், மேலே விமானம், முன்னால் அன்னத்தின் தலை. நம்ம ஊர்க்காரனுக்குப் படகென்றால் கோயில் குளத்துத் தெப்பம்தானே! கிழித்துப் போட்டுவிட்டு பாபுவுக்குப் போன் போட்டேன். கடலில் ஒதுங்கும் கட்டையைத் தோல் வாரால் கட்டி, மேலே சீல் என்னும் கடல்நாயின் தோலைத் தைத்து மூடுவார்கள், ஆணியே கிடையாது என்றான். என் கத்தலுக்கு அசையாத தாமோதரன் இதற்கு அசந்துபோனான்.

"வெறும் தையல நம்பிக்கினு அந்தக் கடல்ல போனாங்களா? அப்ப அவங்களும் நூல நம்பிப் பொழைக்கற நம்ம ஆளுங்கதான், முதலாளி!"

மீசை

கல்யாணத்துக்கு முதல் நாள் பெண்ணின் அம்மா பாபுவோடு கடைக்கு வந்தார். முந்தானையை விரித்தேன். பெரிய தோல் படகு. துடுப்புப் போடும் அத்தனை பேருக்கும் உச்சிக் குடுமி, கறுப்பு மீசை. அந்த அம்மாவின் முகம் இறுகிவிட்டது. அவர் சொன்னதை பாபு தமிழில் சொன்னான்: "பெரிய படகுல துடுப்புப் போடறது பொம்பளைங்களாம். ஆம்பளைங்க சின்னப் படகுல ஈட்டிய எடுத்துக்கினு தனியா வேட்டைக்குப் போயிடுவாங்களாம்ணே."

மீசை எவன்டா கேட்டான் என்று பக்கத்தில் நின்ற தாமோதரன் மேல் பாய்ந்தேன். "கம்பீரமா இருக்கட்டுமேன்னு..." என்றவன், ஊசியோடு உட்கார்ந்தான். நல்லவேளை, மீசை மேலே தனியாக ஓட்டிய இழை. அடியில் இருக்கும் பட்டு நலுங்காமல் ஒவ்வொன்றாக உருவினான். அடுத்து குடுமியில் ஊசியை வைத்ததுதான் தாமதம், அந்த அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். முகம் மலர்ந்து அவர் சொன்னதும் பாபு வழியாகத்தான் வந்தது.

"அதத் தொடாதீங்க. எங்க பொம்பளைங்க முடிய உச்சியில இப்படித்தான் தூக்கிக் கட்டுவாங்க. இத உங்களுக்கு யார் சொன்னது?"

'விசாரிக்காம போடுவோமாம்மா' என்று புடவையை மடித்துக் கொடுத்த எனக்கு, இந்தத் தொழிலில் பாதித் தப்பை உருவினால் போதும், மீதி தானே டிசைனாகிவிடும் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.