ஐந்து மணிச் சுடுதண்ணீர்

என் எழுத்து பெரிதும் சிறிதுமாக விழும். பிரஷ் பிடித்துப் பழகிய விரல்கள் பேனாவையும் அப்படியே பிடிக்கின்றன. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். சின்ன ர, பெரிய ற இரண்டையும் இன்றுவரை மாற்றித்தான் போடுகிறேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இத்தனை வருடங்களில் நான் எழுதி வந்தது தேதி ஒன்றைத்தான். அதுவும் காகிதத்தில் இல்லை, சிலேட்டில்.

பெங்களூர் ஈஜிபுராவில் மெயின் ரோட்டைப் பார்த்தபடி ஒரு பீர் கடை இருக்கிறது. அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கிற இடம். முன்பக்கம் கண்ணாடியும் விளக்குமாக இருக்கும். பின்பக்கம் ஒரு சந்து. என் வீடு அந்தச் சந்தில்தான், ஏழாவது கதவு. கடை திறந்த வாரத்திலிருந்து அங்கே டேங்க் கழுவுகிறேன். பீர் குடிப்பதில்லை. முகர்ந்து பார்ப்பேன், அவ்வளவுதான்.

கடையின் முதலாளி ஒரு பெண். கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்தவர். மூன்று தலைமுறையாக பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம். பாதிப் பேச்சில் கன்னடத்துக்குப் போய்த் திரும்பி வருவார். எல்லாரும் மேடம் என்போம். என்னைவிடப் பத்து வயது சின்னவர், என்னை அண்ணா என்பார். அப்போது இரண்டே டேங்க். மேடமே ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஸ்டூல் மேல் ஏறி, துடுப்பு மாதிரி ஒரு கட்டையால் முளைகட்டிய பார்லியைக் கிண்டுவார். வெல்லம் போடாத பாயசத்தின் வாசனை சந்து முழுக்கப் போகும். இப்போதும் எங்காவது அந்த வாசனை வந்தால் எனக்கு அந்த ஸ்டூல்தான் ஞாபகம் வருகிறது. ஒரு கால் ஆடும். அதற்கு அடியில் அட்டையை மடித்து வைப்பது என் வேலை.

டேங்க் கழுவுவதை மேடம்தான் சொல்லிக் கொடுத்தார். முதலில் காஸ்டிக் சோடா. அதைச் சூடான தண்ணீரில்தான் கலக்க வேண்டும், பச்சைத் தண்ணீரில் அது அழுக்கைப் பிடிக்காது. பிறகு சுடுதண்ணீரில் அலச வேண்டும். கடைசியில் கிருமி மருந்து. எல்லாம் முடிந்ததும் டேங்கின் கழுத்தில் தொங்கும் சிலேட்டில் அன்றைய தேதியை எழுத வேண்டும். தேதி இருந்தால் டேங்க் சுத்தம் என்று அர்த்தம். வேறு யாரும் திறந்து பார்ப்பதில்லை. "உங்க தேதியப் பாத்துதாண்ணா நான் பீர உள்ள எறக்கறேன்" என்று ஒருமுறை மேடம் சொன்னார். அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதை இரண்டு தடவை சொன்னேன்.

கடை வருகிறது என்று தெரிந்ததும் சந்து எதிர்த்தது. முன்னால் நின்றவர் சந்து முனையில் தள்ளுவண்டியில் இட்லி விற்ற அக்கா. குடித்துவிட்டு வந்து எங்கள் வாசலில் விழுவார்கள் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

அந்த எதிர்ப்பு மாறியது தண்ணீரால். காய்ச்சி முடித்த பீர்ச் சாற்றை உடனே ஆறவைக்க வேண்டும். மெல்லிய தகடுகளுக்கு ஒரு பக்கம் சூடான சாறு ஓடும், மறுபக்கம் பச்சைத் தண்ணீர் ஓடும். ஒன்றை ஒன்று தொடாது. சாறு ஆறிவிடும், தண்ணீர் சூடாகிவிடும். நல்ல தண்ணீர்தான். டேங்க் கழுவ, சூடு தாங்குகிற ஒரு டிரம்மில் பிடித்துக்கொண்டு மீதியை முதல் மாதம் சாக்கடையில் விட்டோம். ஒருநாள் சண்டை போட வந்த அக்கா, சாக்கடையிலிருந்து ஆவி எழும்புவதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது? இந்தச் சந்துலயே வெந்நீர்ல குளிக்கிறது சாக்கட ஒண்ணுதான் போல."

மேடம் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் பின்சுவரில் ஓட்டை போட்டு, சந்துப் பக்கம் ஒரு குழாய் வைத்தார். வால்வு உள்ளே என் பொறுப்பில்.

செவ்வாயும் வெள்ளியும் காய்ச்சுகிற நாள். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும். நான்கரைக்கே பக்கெட்டுகள் வரிசையில் உட்கார்ந்துவிடும். ஆட்டோ ஓட்டுகிறவர் காக்கிச் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நிற்பார். வீட்டுவேலை முடிந்து வருகிற பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மட்டும் முதலில் நனைத்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை சீயக்காய் வாசனையும் பார்லி வாசனையும் சேர்ந்து வரும். வியாழக்கிழமைதோறும் விவேக் நகர் கோயிலுக்குப் போகிற குடும்பங்கள், புதன்கிழமையும் காய்ச்சக் கூடாதா என்று மேடத்தைக் கேட்டார்கள். காய்ச்சியது குடிக்க ஆள் வேண்டாமா என்றார் மேடம். நாங்கள் வருகிறோம் என்று ஒருவர் சொல்ல, அவர் மனைவி பக்கெட்டால் முதுகில் ஒன்று வைத்தார். சுவருக்கு உள்ளே நின்று நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பேன். வெளியே போய்ப் பேச மாட்டேன். பஸ்ஸில் கண்டக்டரிடம் நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிறவன் நான்.

ஆறாம் வருடம் கடை பெரிதானது. ஒரு பங்குதாரர் சேர்ந்தார். நல்ல மனிதர்தான், எப்போதும் அவசரத்தில் இருப்பார். இன்னும் நான்கு டேங்க் வந்தது. வாரத்தில் ஐந்து நாள் காய்ச்சினோம். ஐந்து நாளும் சுடுதண்ணீர் என்று சந்தில் ஒரே சந்தோஷம். அந்தச் சந்தோஷம் கோடை வரைக்கும்தான். போர்வெல்லில் தண்ணீர் இறங்கிவிட்டது. லாரித் தண்ணீர் வாங்கி, அதையும் அளவாக விட்டோம். வீட்டுக் குழாய்களில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்துச் சந்துக்காரர்களும் எங்கள் வரிசைக்கு வந்தார்கள். கழுவ வேண்டிய டேங்க் ஆறு. டிரம் அதே பழைய டிரம். பாய்லர் அடுத்த முறை காய்ச்சுவதற்கே சரியாக இருந்ததால், தண்ணீரைத் திரும்பச் சூடாக்கவும் வழியில்லை.

மேடம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "மொதல்ல டேங்குக்கு அண்ணா. மிச்சந்தான் சந்துக்கு. மனசுல வெச்சுக்குங்க." தலையாட்டினேன்.

ஒரு வியாழக்கிழமை டிரம் நிறைந்ததோடு தண்ணீர் நின்றுவிட்டது. சந்துக்கு மிச்சம் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் முப்பது பேராவது இருந்திருப்பார்கள். என் மனைவியும் இரண்டு பக்கெட்டோடு நின்றிருந்தாள். நான் போய்ச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான், இன்று இல்லை என்று. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்கா என்ன சொல்வார், எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்களே என்று தோன்றியது. டிரம்மின் அடியில், சந்துக் குழாய்க்குப் போகிற வால்வைத் திறந்துவிட்டேன். அவ்வளவும் சந்துக்குப் போனது. அன்று ஒரு கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் சத்தம் கேட்டது. நான் நல்லது செய்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை நாலாம் நம்பர் டேங்கைப் பச்சைத் தண்ணீரில் கழுவினேன். காஸ்டிக்கையும் அதிலேயே கலந்தேன். வழக்கத்தைவிட அதிக நேரம் தேய்த்தேன். பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது. சாக்பீஸை எடுத்துத் தேதி எழுதினேன். எழுதும்போது கை நடுங்கியதா என்றால், இல்லை. அதுதான் எனக்கு இன்றும் கஷ்டமாக இருக்கிறது.

பன்னிரண்டு நாள் கழித்து மேடம் அந்த டேங்கிலிருந்து ஒரு கிளாஸ் பிடித்து வாயில் வைத்தார். உடனே துப்பினார். என்னிடம் நீட்டினார். புளித்த மோரில் ஈரத்துணியை ஊறப்போட்டது போல ஒரு நாற்றம். எதனால் என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. மேடம் கேட்டதற்குத் தெரியவில்லை என்றேன்.

பங்குதாரர் வந்தார். சந்துக் குழாயில்தான் சந்தேகம் என்றார். யார் யாரோ கை வைக்கிறார்கள், வாய் வைக்கிறார்கள், அழுக்கு உள்ளே ஏறி வருகிறது என்றார். சாறும் தண்ணியும் சேராதே என்று மேடம் சொல்லிப் பார்த்தார். தகட்டில் ஊசி அளவு ஓட்டை இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார் அவர். இத்தனை டேங்க் வைத்துக்கொண்டு ஆபத்தை விலைக்கு வாங்குவதா என்றும் கேட்டார். குழாயை நாளைக்கு மூடிவிடுவது என்று முடிவானது. மூடினால் மூடியதுதான், அது திரும்ப வராது. நான் அங்கேயே தரையைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் திட்டவில்லை. பக்கெட்டுகள் இரண்டையும் கவிழ்த்து வைத்துவிட்டு, "நாளைக்கு நான் லைன்ல நிக்க மாட்டேன். எந்த மூஞ்சிய வெச்சிக்கினு நிக்கிறது?" என்றாள்.

மறுநாள் ஐந்து மணிக்குக் குழாய்க்காரர் ஸ்பேனரோடு சந்துப் பக்கம் வந்தார். மேடமும் பங்குதாரரும் கூட நின்றார்கள். பக்கெட்டுகளும் வழக்கம்போல வந்துவிட்டன. அக்காவின் குரல் சுவரைத் தாண்டி வந்தது.

"எங்க கைல அழுக்காம். ஆறு வருசமா இதே கைதாம்மா. அழுக்கு நேத்துதான் மொளச்சுதா?"

ஸ்பேனர் குழாயில் மாட்டுகிற சத்தம் கேட்டது. பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனேன். எப்படிப் போனேன் என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை.

"மேடம், கொழாய மூட வேணாம்."

"நீங்க உள்ள போங்கண்ணா, அப்புறம் பேசலாம்."

"நாலாம் நம்பர் டேங்க நான் சுடுதண்ணில கழுவல. தண்ணிய எல்லாம் இந்தப் பக்கம் வுட்டுட்டேன்."

மேடம் என்னையே பார்த்தார். "சிலேட்டுல தேதி இருந்துதே?"

"நான்தான் எழுதினேன். எழுதியிருக்கக் கூடாது."

குழாய்க்காரர் ஸ்பேனரைக் கீழே இறக்கினார். அக்காதான் முதலில் பேசினார்.

"ஏம்பா, தண்ணி இல்லன்னு சொன்னா திரும்பிப் போயிருப்போம். பாதி பக்கெட்டுன்னு சொன்னா பாதி பக்கெட்டு புடிச்சிருப்போம். எங்கள ஒரு வார்த்த கேட்டியா நீ? கடிச்சித் தின்னுடுவமா உன்ன?"

சந்துக்காகச் செய்தேன் என்று அதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா கேட்டதும் அது நின்றுவிட்டது. என் கூச்சத்துக்காகத்தான் செய்திருக்கிறேன்.

உள்ளே வந்ததும் பங்குதாரர் ஒரு வழி சொன்னார். மாம்பழச் சாறு கலந்து விற்றால் புளிப்பு தெரியாது என்றார். மேடம் நேராகப் போய் நாலாம் நம்பர் டேங்கின் அடிவால்வைத் திறந்தார். டேங்க் முழுதும் நுரைத்துக்கொண்டு சாக்கடைக்குப் போனது. காலியாகும்வரை நாங்கள் மூன்று பேரும் நின்றோம். பிறகு மேடம் சொன்னார், பெரிய டிரம் வருகிறவரை வாரத்தில் மூன்று நாள்தான் காய்ச்சப்போகிறோம், அதற்கு மேல் தன்னால் முடியாது என்று. பங்குதாரர் முகம் சுருங்கியது, ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

வேலையை விட்டு எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. நான் கழுவிய ஒவ்வொரு டேங்கையும் தானே திறந்து, டார்ச் அடித்துப் பார்த்தார். சிலேட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டார். ஒரு மாதத்துக்கு மேல் அப்படித்தான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பிறகு ஒருநாள் வந்தார், சிலேட்டில் தேதியைப் படித்தார், டார்ச்சை எடுக்காமல் அடுத்த டேங்குக்குப் போனார். நான் குனிந்து, காய்ந்த தரையை மறுபடி கழுவினேன்.

பெரிய டிரம் வந்ததும் அதில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு போட்டோம். கோடு வரை டேங்குக்கு, கோட்டுக்கு மேலே சந்துக்கு. சந்துக் குழாய்க்குப் பூட்டு வைத்துச் சாவியை அக்காவிடம் கொடுத்தார் மேடம். சுவரின் அந்தப் பக்கமும் ஒரு சிலேட்டு மாட்டினோம். டேங்குக்கு உண்டான தண்ணீரைப் பிடித்துவிட்டேன் என்றால் நான் வெளியே வந்து அதில் தேதி எழுத வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் அக்கா பூட்டைத் திறப்பார். எழுதாத நாளில் எல்லார் முன்னாலும் என்னை நிற்கவைத்து, "வாயத் தொறந்து சொல்லு தம்பி" என்பார். "இன்னிக்கு இல்லக்கா" என்று சொல்லப் பழகினேன். ஒருவரும் என்னைக் கடிக்கவில்லை.

இப்போது சந்தில் மூன்று மாடி வீடுகள் வந்துவிட்டன. வீட்டுக்கு வீடு கீசர். ஆட்டோக்காரர் குடும்பம் ஓசூர்ப் பக்கம் போய்விட்டது. அக்காவின் வண்டி ஷட்டர் போட்ட கடையாகிவிட்டது. ஐந்து மணிக்கு ஐந்தாறு பக்கெட் வந்தால் அதிகம். ஆனாலும் அக்கா இடுப்பில் சாவியைச் செருகிக்கொண்டு வந்து நிற்கிறார். சில நாள் வரிசையே இல்லாமல் நாங்கள் இரண்டு பேர் மட்டும் குழாயடியில் நிற்போம். சீயக்காய் வாசனை இல்லாத வெள்ளிக்கிழமை எனக்கு வெள்ளிக்கிழமையாகவே தெரிவதில்லை.

லிங்கராஜபுரத்தில் மேடம் இரண்டாவது கடை வைத்திருக்கிறார். டேங்குகள் வந்து இறங்குவதற்கு முன்பே அங்கே பின்சுவரில் ஓட்டை போட்டாகிவிட்டது. புதிதாக வருகிறவர்களுக்கு டேங்க் கழுவும் முறையை எழுதிக் கொடுக்கச் சொன்னார். சொல்லி ஒரு வருடம் ஆகிறது. எழுத உட்கார்ந்தால் முறை வரவில்லை, இதுதான் வந்தது. இதையே கொடுக்கப்போகிறேன்.

இன்று அங்கே முதல் டேங்கைக் கழுவினேன். சுடுதண்ணீரில்தான். சிலேட்டில் எழுதிய தேதியையே இங்கேயும் எழுதுகிறேன்.

வெள்ளி, 14.11.2025