சாவி எடுத்த பிறகும் ஓடின கார்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளில் அன்னூருக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீட்டில் மூன்று பேர் இருந்தோம்: நான், என் வீட்டுக்காரர், அவருடைய அம்மா. அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் மூவரையும்விடச் செல்லமாக ஒரு கார் இருந்தது. ரெண்டே சீட்டு, தரையோடு தரையாகக் கிடக்கும் பழைய சீமை ஸ்போர்ட்ஸ் கார். ஏதோ ஒரு மில் முதலாளி வீட்டு ஷெட்டில் கோழி அடைந்துகொண்டிருந்ததை இவர் வாங்கி வந்து, ரெண்டு வருஷம் அதன் அடியிலேயே படுத்துக் கிடந்து ஓட வைத்தார்.

அதற்குச் சாதா பெட்ரோல் ஆகாது. ஆக்டேன் கூடின பெட்ரோல்தான் வேண்டும். அது கிடைக்க கோயமுத்தூர் போகணும். சாதா பெட்ரோல் ஊற்றினால் மேடு ஏறும்போது உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி சத்தம் வரும், போகப் போக பிஸ்டன் ஓட்டையாகிவிடும் என்பார். காரை நிறுத்தினாலும் உடனே இறங்க மாட்டார். இன்ஜின் ஆறுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். காப்பி ஆறிப்போகும். எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

நான் அன்னூரில் டீச்சர். ஒரு சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ். பஸ்ஸை விட்டுவிட்டேன். காரை எடுத்துக்கொண்டு போய், திரும்பும்போது பெட்ரோல் முள் கீழே கிடக்கிறதே என்று அன்னூர் பங்கிலேயே டேங்க் நிறையச் சாதா பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தேன். மறுநாள் சத்தியமங்கலத்தில் ஒரு கலியாணம், அந்தக் காரில்தான் போவதாக இருந்தது. அத்தை உள்ளே மத்தியானத் தூக்கத்தில் இருந்தார்.

விஷயம் தெரிந்ததும் என் வீட்டுக்காரர் சத்தம் போடவில்லை. ரப்பர் குழாயை விட்டு, டேங்கில் இருந்ததை எல்லாம் ஒரு டிரம்மில் இறக்கினார். பைக்கில் ரெண்டு காலிக் கேனைக் கட்டினார்.

"ஏனுங்க, ஆத்திர அவசரத்துக்கு ஊத்தின பெட்ரோல் தொண்டையில சிக்கிக்குமாக்கு? பாலும் தேனும் கலந்து ஊத்துங்க, அது ஒண்ணுதான் பாக்கி" என்றேன்.

சிரித்தார். "வாரேன்" என்றார்.

கோயமுத்தூர் ரோட்டில் ஒரு வளைவு. எதிரே லாரி. அதற்கு மேல் எழுத என்னால் முடியாது.

வந்த கூட்டமெல்லாம் கலைந்த பிறகு அத்தை கேட்டார்: "மத்தியானத்துல எதுக்குப் போனான் அம்மணி?"

"தெரியலைங்க அத்தை" என்றேன்.

மூணு மாசம் கழித்து மறுபடி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தேன். கோயமுத்தூர் ரோட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன் என்று இருந்தேன். டிரம்மில் அவர் இறக்கி வைத்தது அப்படியே இருந்தது. அதையே காரில் ஊற்றினேன். வேறு என்ன செய்வது? தீர்ந்த பிறகு அன்னூர் பங்க்.

முதல் நாள் சாயங்காலம் வாசலில் வந்து நிறுத்திச் சாவியை எடுத்தேன். கார் நிற்கவில்லை. சாவி என் கையில் இருக்கிறது, இன்ஜின் தடதடவென்று குலுங்குகிறது, இருமுகிறது, மறுபடி ஓடுகிறது. அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. 

அத்தை வெளியே வந்தார். பானட்டின் மேல் கையை வைத்தார்.

"வண்டி நின்னாலும் உடனே எறங்க மாட்டான். இன்னும் உக்காந்துட்டிருக்கான் பாரு கண்ணு."

அன்றிலிருந்து தினமும் இதே கதை. நான் வருவேன், சாவியை எடுப்பேன், அது ஓடும். சூடு ஆறுகிறவரை அத்தை பானட்டை விட்டுக் கையை எடுக்க மாட்டார். அவர் முகத்தில் அந்த நேரம் மட்டும் ஒரு நிம்மதி வரும். எனக்கோ கரும்பலகையில் எழுதும்போதுகூட அந்தத் தட்டுகிற சத்தம் காதில் விழும்.

அன்னூர் மெக்கானிக்கிடம் கேட்டேன். "சாதா பெட்ரோல் ஊத்தறீங்களாட்ட இருக்குது. உள்ள கரி கட்டி, நெருப்புக் கங்காட்டக் கெடக்குமுங்க டீச்சர். சாவிய எடுத்தாலும் அதுவே பத்தவெச்சுக்கும். நல்ல பெட்ரோல் போட்டா நின்னுரும். இல்லீனா பிஸ்டன் போயிருமுங்க."

சொல்லிவிடுவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். பெட்ரோலைச் சொன்னால் அந்தச் சனிக்கிழமையையும் சொல்லியாக வேண்டும். ரெண்டையும் சொல்லிவிடலாம், திட்டினால் திட்டட்டும், அடித்தால் அடிக்கட்டும் என்று வந்தேன். கார் குலுங்கி அடங்கியது. அத்தை கையை வைத்தார்.

"அத்தை, அது அவர் இல்லீங்க. பெட்ரோலுங்க. தப்பான பெட்ரோல் ஊத்தினா இப்படித்தான் ஓடுமாமுங்க. ஊத்தினது நானுங்க."

கையை எடுக்காமலே என்னைப் பார்த்தார்.

"அப்ப தெனமும் அவனக் கூட்டியாந்தது நீதானா கண்ணு?"

அந்தச் சனிக்கிழமையையும் சொல்ல வாயைத் திறந்தேன். எவ்வளவு பேசின வாய்! அதை மூடிக்கொண்டு சாவியைப் பையில் போட்டேன்.

"நாளைக்கும் அதையே ஊத்து" என்றார்.

ஊற்றினேன். அடுத்த மழைக்காலம் வரைக்கும், கெட்டுப்போகும் என்று தெரிந்தே ஊற்றினேன். ஒரு நாள் நீலப் புகை கிளம்பி பாதி வழியில் நின்றது. பிஸ்டனில் ஓட்டை. டிராக்டரில் கயிறு கட்டி வீட்டுக்கு இழுத்து வந்தோம்.

அத்தை வழக்கம் போல வந்து பானட்டின் மேல் கையை வைத்தார். சில்லென்று இருந்திருக்கும்.

"எறங்கிட்டானா?" என்றார்.

"எறங்கிட்டாருங்க அத்தை."

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். அந்தச் சனிக்கிழமை எதுக்குப் போனான் என்று இன்னொரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கடைசி வரைக்கும் அவர் கேட்கவே இல்லை.