வார்டன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி

போன பௌர்ணமிப் போயா லீவுக்கு நாங்கள் யானை பார்க்கப் போனோம். யானை எங்களைப் பார்த்துவிட்டது... அதுதான் இந்தக் கிழமைக் கதை.

என்னை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் லேசில் ஒருவரையும் புகழ மாட்டேன். புகழ்ந்து கெட்டுப்போன ஆட்களை நிறையக் கண்டவள். ஆனால் இன்றைக்கு ஒரு மனிசரைப் புகழத்தான் போகிறேன். அதுவும் யூனிஃபோம் போட்ட மனிசரை. இந்த யுத்தத்தில் நாடு கிடக்கிற கிடையில் இது என்ன கதை என்று கேட்பீர்கள். ஆறுதலாக வாசியுங்கள்.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே துணிக்கடை வைத்திருக்கிறவர் பாரூக் நானா. அவரும் மனைவியும் வான் வண்டி பிடித்துத் தெற்குப் பக்கம் ஒரு தேசியப் பூங்காவுக்குப் போக வெளிக்கிட்டார்கள். "நீங்களும் வாங்க அக்கா, ஐயாவையும் கூட்டிக்கிட்டு" என்றார். எங்கட அவர் ரயில்வேயில் கிளார்க்காக இருந்து பென்சன் எடுத்தவர். முதலில் மாட்டேன் என்றார். கொழும்பைத் தாண்டினால் செக் பொயின்ட். ஒவ்வொன்றிலும் இறங்கு, ஐ.சி. அடையாள அட்டையை நீட்டு, எங்கே போகிறாய், ஏன் போகிறாய்... நானா சிங்களம் தண்ணீர் மாதிரிக் கதைப்பார் என்ற ஒரே தைரியத்தில்தான் வானில் ஏறினார்.

பூங்கா வாசலில் வானை விட்டுவிட்டு ஜீப்பில் ஏற வேண்டும். காட்டு வழி தெரிந்த ஒரு ட்ரக்கரும் கூட வருவார். அவர் இல்லாமல் ஒருவரையும் உள்ளே விட மாட்டார்கள். உள்ளே போனால் ஜீப்பை விட்டு இறங்கவும் கூடாது. ஆற்றங்கரையில் ஓர் இடத்தில் மட்டும் இறங்கலாம். அங்கே மருத மரங்களுக்குக் கீழே கட்டிக்கொண்டு போன இடியப்பத்தைப் பிரித்தோம்.

சாப்பிட்டு முடிய இவர் ஒதுங்கப் போனார். ஆம்பிளைகளுக்கு ஒரு மரம் போதாதா? இவருக்குப் போதாது. நானாவின் மனைவி இருக்கிறா என்ற வெட்கம். இன்னொரு மரம், இன்னொரு பற்றைப் புதர் என்று தள்ளித் தள்ளிப் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து வந்தது ஒற்றை யானை.

எங்களுக்கும் இவர் போன பக்கத்துக்கும் நடுவில் வந்து நின்றது. ட்ரக்கர் எங்களை ஜீப்புக்குள் தள்ளி ஏற்றினார். டிரைவர் ஜீப்பைப் பின்பக்கமாகவே எடுத்துக்கொண்டு போனார். யானை காதை ஒரு தரம் விரித்துப் பார்த்தது. பிறகு தண்ணீர் குடித்தது, முதுகில் மண் அள்ளிப் போட்டது, கலியாண வீட்டுக்கு வந்த பெரிய மனிசர் மாதிரி அவசரமே இல்லாமல் நடந்து போனது. திரும்ப வந்து பார்த்தால் யானையும் இல்லை, மனிசனும் இல்லை.

"மஹத்தயா... மஹத்தயா..." என்று ட்ரக்கர் சிங்களத்தில் 'ஐயா' போட்டுக் கூப்பிட்டார். 

இவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. அதுக்குப் போடுகிற குளிசை மாத்திரை என் ஹேண்ட்பேக்குக்குள். வெயில் சாய்ந்துகொண்டு வந்தது. இருட்டினால் சிறுத்தை வரும், கரடி வரும் என்று ட்ரக்கர் என்னிடம் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் வோக்கி டோக்கியைக் கையில் எடுத்தார். அது போதும், எனக்கு விளங்கிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் இரண்டு ஜீப் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். காக்கிச் சட்டை, காலில் சப்பாத்து, சிலர் கையில் வேட்டுத் துவக்கு. முன்னுக்கு வந்தவர்தான் அந்தப் பூங்காவின் வார்டன். கட்டையான மனிசர், நரைத்த தலை, கண்ணாடி. பார்த்தால் தபால் கந்தோரில் முத்திரை விற்கிறவர் மாதிரி.

அந்த மனிசர் வேலை செய்த விதத்தை நான் எப்படி எழுதுவேன்?

ஒருவரையும் அதட்டவில்லை. ஒரு தடியை எடுத்து மணலில் கீறினார். நான் பள்ளிக்கூடம் கொஞ்சக் காலம்தான் போனவள், மேப் வாசிக்கத் தெரியாது. ஆனால் அவர் கீறியது எனக்கே விளங்கியது. இது ஆறு, இது ஜீப் பாதை, இது யானை போன வழி. ஆட்களை மூன்று மூன்று பேராகப் பிரித்தார். ஒரு கூட்டம் ஆற்றோரம், ஒரு கூட்டம் பற்றைக்குள். இன்னொரு கூட்டத்துக்கு யானையை இந்தப் பக்கம் திரும்ப விடாமல் பார்க்கிறது மட்டும்தான் வேலை. பூங்காவுக்குள் நிற்கிற மற்ற ஜீப்புகள் எல்லாம் நின்ற இடத்தில் இஞ்சினை நிறுத்த வேண்டும், மனிசக் குரல் காதில் விழ வேண்டும் என்று வோக்கி டோக்கியில் சொன்னார். டவுன் ஆஸ்பத்திரிக்கு அறிவித்து அம்புலன்ஸை வாசலுக்கு வரச் சொன்னார். "வயசானவர், சீனி வருத்தம், அதுக்குத் தேவையானதோடு வரட்டும்" என்றார். இவ்வளவும் ஒரு வெற்றிலை போடுகிற நேரத்துக்குள். எங்கள் ஆட்கள் ஒரு பந்தி நடத்த எத்தனை பேர் நின்று எத்தனை சண்டை பிடிப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன்.

ஆட்கள் விசில் அடித்தார்கள். "மஹத்தயா" என்று நாலு பக்கமும் கூப்பிட்டார்கள். பதில் இல்லை.

அப்போதுதான் வார்டன் என்னிடம் வந்தார். உயரம் என்ன, சட்டை என்ன நிறம் என்று கேட்பார் என்று நினைத்தேன். அதெல்லாம் ட்ரக்கரிடம் கேட்டு முடித்திருந்தார்.

"அம்மே, உங்கட மஹத்தயா பயந்தால் என்ன செய்வார்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

கலியாணம் கட்டின நாள் முதல் என்னிடம் ஒருவரும் கேட்காத கேள்வி.

எனக்குச் சந்தைச் சிங்களம்தான் தெரியும். இதற்கு அது காணாது. நானாவைப் பார்த்துத் தமிழில் சொன்னேன். "எங்கட ஃபிளாட் படியில சப்பாத்துச் சத்தம் கேட்டால் இவர் குசினிக்குள்ள போய் அரிசிச் சாக்குக்குப் பக்கத்தில இருந்திடுவார். மூச்சுக் காட்ட மாட்டார். நான் கூப்பிட்டாலும் வாய் திறக்க மாட்டார்."

நானா என் பக்கம் குனிந்து, "அக்கா, இத இவருக்கு சொல்லத்தான் வேணுமா?" என்றார். அவர் பயம் அவருக்கு. காக்கிச் சட்டைக்காரரிடம் சொல்கிற கதையா இது?

"சொல்லுங்கோ நானா. ஒரு தரம் யூனிஃபோம்காரர் ரோட்டில பிடிச்சுக்கொண்டு போய் ஒரு பகல் முழுக்க இருத்தி வைச்சவை. பிறகு பிழையில்லை எண்டு விட்டவை. அதுக்குப் பிறகுதான் இப்பிடி. அதையும் சொல்லுங்கோ."

நானா சொன்னார். வார்டன் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார். காக்கி, சப்பாத்து, துவக்கு, சிங்களத்தில் கூப்பிடுகிற குரல்கள். தன் சட்டையையும் ஒருக்கா குனிந்து பார்த்தார்.

"இவர் தொலையவில்லை" என்றார். "எங்களுக்குப் பயந்து ஒளித்திருக்கிறார்."

உடனே கூப்பிடுகிறதை நிறுத்தச் சொன்னார். அடுத்து அவர் செய்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் மயிர்க்கூச்செறிகிறது. பூங்காவின் எல்லையில் ஒரு ஆமிப் படைக் காவலரண் இருக்கிறது. அதைக் கூப்பிட்டுக் கதைத்தார். எனக்கு விளங்கின மட்டும் எழுதுகிறேன், பத்திரிகை ஆசிரியர் வெட்டாமல் விட்டால் நீங்களும் வாசிப்பீர்கள்.

"இனிக் கொஞ்ச நேரத்துக்கு என் காட்டுக்குள்ளே தமிழில் ஒரு பெண் குரல் கேட்கும். லவுட் ஸ்பீக்கரில் கேட்கும். அது என் ஆள். ஒருவரும் சுடக்கூடாது, ஒருவரும் உள்ளே வரவும் கூடாது."

 மறுபக்கத்தில் எவ்வளவு நேரத்துக்கு என்று கேட்டார்கள்.

"ஆள் வரும் வரைக்கும். பொறுப்பு நான்" என்று சொல்லி வைத்துவிட்டு, கையில் பிடிக்கிற ஸ்பீக்கரை என்னிடம் நீட்டினார்.

எனக்குக் குரல் வரவில்லை.

சிரிக்காதீர்கள். பஸ்ஸில் ஏறினால் நாங்கள் எப்படிக் கதைக்கிறோம்? காதுக்குள்ளே. பொரளைச் சந்தியில் நின்று பிள்ளையைக் கூப்பிட வேண்டுமென்றாலும் பெயரைச் சொல்லாமல் கையைத்தானே ஆட்டுகிறோம்? தமிழைச் சத்தமாகக் கதைத்து எவ்வளவு காலம்...

"யானைக்கு எல்லாப் பாஷையும் ஒன்றுதான் அம்மே. சத்தமாகக் கூப்பிடுங்கள்" என்றார் வார்டன்.

"பேரச் சொல்லிக் கூப்பிடுங்க அக்கா" என்றார் நானா.

பெயரா? எங்கள் ஊர் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. புருசன் பெயரை நான் ஒரு நாளும் என் வாயால் சொன்னவள் இல்லை. அரசாங்கக் கச்சேரியில் அதிகாரி கேட்டபோதும் மகளைத்தான் சொல்ல வைத்தேன். வீட்டில் எப்படிக் கூப்பிடுவேனோ அப்படியே கூப்பிட்டேன்.

"இஞ்சேருங்கோ... இஞ்சேருங்கோ... நான்தான். யானை போயிட்டுது. வெளியில வாங்கோ."

ஒவ்வொரு தரம் கூப்பிட்ட பிறகும் வார்டன் கையைத் தூக்குவார். எல்லோரும் மூச்சை அடக்கிக் கேட்பார்கள். பிறகு ஜீப் கொஞ்சத் தூரம் உருளும், இஞ்சினை நிறுத்துவார்கள், நான் திரும்பவும் கூப்பிடுவேன். கூப்பிடுகிறதை விடக் காது கொடுக்கிறதுதான் அவர்களுக்குப் பெரிய வேலை என்று அப்போது கண்டுகொண்டேன்.

வெளிச்சம் மஞ்சளாகிவிட்டது. எனக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. ஸ்பீக்கரை வாயோடு வைத்துப் பேசத் தொடங்கினேன்.

"காலமை குளிசை போட்டியளோ எண்டு கேட்டதுக்குத் தலையை ஆட்டிப்போட்டு வந்தியள். போடேல்லை எண்டு எனக்குத் தெரியும். பெட்டியை எண்ணிப் பார்த்தனான். அங்க மயங்கி விழுந்தால் ஆர் தூக்கிறது? இஞ்ச இத்தனை பேர் தண்ணி வென்னி இல்லாமல் உங்களுக்காக நிக்கினம். ஒரு மரம் காணாதெண்டு எத்தினை மரம் தாண்டிப் போனனீங்கள்? மனிசருக்கு வெட்கத்துக்கும் ஒரு அளவு வேணும்..."

நானா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தமிழ் தெரியாத ரேஞ்சர்மாரும் சிரித்தார்கள். பெண்சாதி பேசுகிறது எந்தப் பாஷையிலும் விளங்கும் போல.

வார்டன் கையைத் தூக்கினார். 

பக்கத்துப் பற்றைக்குள் இருந்து ஒரு குரல், அடித் தொண்டையால் வந்தது.

"மெல்லமாக் கதையப்பா. தமிழ் அவைக்குக் கேக்கும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடப் பார்த்தேன். வார்டன் மறித்தார். தன் ஆட்கள் பக்கம் திரும்பிக் கையை மெதுவாகக் கீழே காட்டினார். துவக்குகளை ஜீப்பில் வைத்துவிட்டு அத்தனை பேரும் மண்ணில் சம்மணம் கட்டி இருந்தார்கள், சாப்பாட்டுப் பந்தியில் இருக்கிற மாதிரி வரிசையாக. ட்ரக்கர் மட்டும் யானை போன பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். வார்டன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் இருந்தார். பற்றையை விட்டு வெளியே வருகிற மனிசனுக்கு நிற்கிற சப்பாத்து ஒன்றுகூட முதலில் கண்ணில் படக்கூடாது. அதுதான் அவர் கணக்கு.

"இனி கூப்பிடுங்கள் அம்மே" என்றார்.

அப்போது எனக்கு ஸ்பீக்கர் தேவைப்படவில்லை.

முள் கிழித்த வேட்டியோடு இவர் வெளியே வந்தார். மண்ணில் இருந்த காக்கிச் சட்டைகளைக் கண்டதும் ஒருக்கா நின்றார். நான் போய்க் கையைப் பிடித்தேன். குளிசையை வாயில் போட்டேன், தண்ணீர் கொடுத்தேன். 

எத்தனையோ பெரியவர்களை நான் கண்டிருக்கிறேன். மற்றவனை முழங்காலில் இருத்தத் தெரிந்தவர்கள்தான் கூடப் பேர். இன்னொருவனின் பயம் போகட்டும் என்று தன் படையோடு மண்ணில் போய் இருந்தவரை அன்றைக்குத்தான் கண்டேன். இதை எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார்கள்?

எல்லோரும் எழும்பி மண்ணைத் தட்டினார்கள். வார்டனால் எழும்ப முடியவில்லை. அவருக்கு முழங்காலில் பழைய வாதமாம். கையை ஊன்றிப் பார்க்கிறார், கால் வரவில்லை. ரேஞ்சர்மார் ஓடி வருவதற்கு முன்னால் போய்க் கை கொடுத்தவர் எங்கட அவர்.

"மெல்ல மெல்ல, மஹத்தயா. காலை ஊண்டுங்கோ" என்றார். தமிழில். கொஞ்சம் சத்தமாகவே.