பின்னறையில் மூன்று நிமிடம்

நெடுஞ்சாலை ஓரத்து வீடுகளை விற்க என்னிடம் ஒரு வழி இருந்தது. சீனப் பெருநாள் முதல் நாள் காலையில்தான் அவற்றைக் காட்டுவேன். பெருநாளை ஒட்டிச் சில நாட்களுக்குக் கனரக லோரிகள் ஓடக் கூடாது என்று அரசாங்கமே தடை போட்டுவிடும். எங்கள் ஊரான மூவாரின் மரச்சாமான் தொழிற்சாலைகள் பூட்டிக் கிடக்கும். ஊருக்குப் போகிற கார்களெல்லாம் முந்தின இரவே போய்ச் சேர்ந்திருக்கும். காலை ஒன்பது மணிக்குப் பின்கதவைத் திறந்தால் மைனா கத்துவது கேட்கும். "எவ்ளோ அமைதி பாருங்க" என்று நான் வாயைத் திறக்கவே வேண்டாம். வாங்க வந்தவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

அது பொய்யில்லை, வெறும் நேரத் தேர்வுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். வீட்டு ஏஜென்ட் தொழிலில் பதினாறு வருடம். கூச்சப்பட்டால் வேலைக்கு ஆகாது.

சரோஜினி ஆன்ட்டியையும் அப்படித்தான் அழைத்துப் போனேன். ஆயர் ஈத்தாமுக்கு வெளியே ஒரு பழைய தாமான் குடியிருப்பு, அதில் வரிசை வீடுகளின் கடைசி வீடு. பின்னறை ஜன்னலுக்கு வெளியே ஒரு சாக்கடை, அதைத் தாண்டிக் கம்பி வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மேடு. மேட்டின் மேல் நெடுஞ்சாலை. ஆன்ட்டிக்கு அப்போது அறுபத்தேழு வயது. சிலோன் தமிழ்க் குடும்பம். அப்பா ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். பதினெட்டு வயதில் மூவார் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்து, ஐம்பத்தாறில் ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வுக்குப் பிறகு அண்ணன் வீட்டில் இருந்தார். அண்ணன் போன பின், அந்த வீட்டில் பிள்ளைகளும் டிவியும் போட்ட கூச்சல் தாங்காமல் தனி வீடு தேட ஆரம்பித்திருந்தார்.

"ஆயுசு முழுக்க அடுத்தவங்க பேச்சு காதுக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு. இனிமே எனக்கு அமைதி ஒன்னு போதும்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

மற்றவர்கள் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், கூரை ஒழுகுமா என்று கேட்பார்கள். இவர் நேராகப் பின்னறைக்குப் போனார். கண்களை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, நின்றுகொண்டே இருந்தார். ஆள் விவரமானவர், மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன்.

"எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

"எப்பவும் இப்படித்தான் ஆன்ட்டி."

அதுதான் பொய். நேரத் தேர்வு என்றெல்லாம் அதற்குச் சாயம் பூச முடியாது.

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "மூவார்னு சொன்னேல்ல. மூவார்ல யார் பொண்ணு நீ?"

"பசார் பக்கத்துல இடியப்பம் வித்தாங்களே, காதர் பீவி. அவங்க மகள். அத்தா லோரி ஓட்டினாங்க. நான் கைக்குழந்தையா இருக்கப்பவே மவுத்தாயிட்டாங்க."

"அம்மா?"

"அவங்களும் போய் ஏழு வருஷம் ஆச்சு."

ஆன்ட்டி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேட்டைப் பார்த்தார். பிறகு, "சரி. எடுத்துக்கிறேன்" என்றார். பேரம் கூடப் பேசவில்லை. என் பேச்சுத் திறமைதான் வேலை செய்தது என்று அன்று வீட்டுக்குப் போகும் வழியில் எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

அவர் குடி வந்தபோது பெருநாள் முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது. பினாங்கிலிருந்து சிங்கப்பூர் வரை போகிற அத்தனை லோரியும் அவர் படுக்கைக்குப் பின்னால்தான் போகும். செம்பனை எண்ணெய் லோரிகள், கொள்கலன் வண்டிகள், மரம் ஏற்றியவை. மேட்டில் ஏறும்போது கியர் மாற்றுவார்கள். அப்போது ஜன்னல் கண்ணாடி அதிரும். அவருடைய முதல் அழைப்பு எப்போது வரும் என்று நான் காத்திருந்தேன். மூன்றாவது மாதம் வந்தது. சாயங்காலம் ஐந்து பத்து. நான் எடுக்கவில்லை. மறுநாளும் அதே ஐந்து பத்துக்கு வந்தது. அதற்கும் மறுநாள் வந்தது. ஐந்து பதினொன்று என்று ஒரு நாளும் மாறவில்லை.

ஃபோனை எடுக்காமல் விடுவது எனக்கு லேசான காரியம் இல்லை. எங்கள் வீட்டில் ஃபோனைப் பற்றி ஒரு கதை உண்டு. அத்தா சிங்கப்பூருக்கு மரச்சாமான் ஏற்றிப் போகிறவர். எண்பத்திரண்டாம் வருடம் ஒரு நாள் மாலை, போகிற வழியில் ஆயர் ஈத்தாமில் லோரியை நிறுத்திவிட்டு, காசு ஃபோனிலிருந்து ஊருக்கு அழைத்தார். எங்கள் வீட்டில் ஃபோன் கிடையாது. தெருமுனை நைனா முகம்மது மாமாவின் சாப்பாட்டுக் கடைக்குத்தான் அழைப்பு வரும். மாமா ஆள் அனுப்பிச் சொல்ல, அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடி வந்து ரிசீவரை எடுத்தார். "பீவி, நான் சொல்றத கேளு" என்றார் அத்தா. அத்தோடு லைன் அறுந்துவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து, சிம்பாங் ரெங்காம் பக்கத்தில் அவருடைய லோரி கவிழ்ந்தது. அவர் என்ன சொல்ல வந்தார் என்று அம்மா கண்ணை மூடும்வரை யோசித்துக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில்கூட என் கையைப் பிடித்து, "என்ன சொல்ல வந்திருப்பாங்க?" என்று கேட்டார்.

அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள் நான், ஒரு வயதான பெண்ணின் அழைப்பைத் தினமும் எடுக்காமல் விட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தும் எடுக்கவில்லை. ஐந்து பத்து ஆனால் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு டீ போடப் போய்விடுவேன்.

டிசம்பரில் அந்தத் தாமானிலிருந்து மலர் கூப்பிட்டாள். ஆன்ட்டியின் அடுத்த வீட்டுக்காரி, அவளுக்கும் வீடு பார்த்துக் கொடுத்தது நான்தான்.

"அக்கா, அந்த ஆன்ட்டிக்கு ஏதோ ஆச்சுலா. தினமும் சாயங்காலம் பின்ரூம்ல உக்காந்து தனியா பேசுறாங்க."

"ஃபோன்ல பேசுவாங்க."

"ஃபோன் மடியில சும்மா கெடக்கு. நான் ஜன்னல் வழியா பார்த்தேன். செவுத்த பார்த்து, 'கொஞ்சம் இருங்க, கூப்பிட்டுக்கிட்டிருக்கேன், இன்னும் எடுக்கல'ன்னு சொல்றாங்க. மலாய்ல ஒரு தடவ, தமிழ்ல ஒரு தடவ. ரொம்ப மரியாதையா. எனக்கு கையெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு."

எனக்கும் ஆனது. அந்த இரைச்சலில் மாதக்கணக்கில் உட்கார வைத்து ஒரு மனுஷியின் புத்தியை நான்தான் கெடுத்துவிட்டேன் என்று தோன்றியது. அவரை அந்த வீட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தாக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே வழி, அடுத்த சீனப் பெருநாளுக்கு வேறொருவரை ஏமாற்றி அதை விற்பது. அதற்கும் தயாராகத்தான் மறுநாள் கிளம்பிப் போனேன்.

நாலரை மணிக்குக் கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்துக் கோபப்படவில்லை. "வந்துட்டியா, உக்காரு" என்றார், ஏதோ வரச் சொல்லி அனுப்பியவர்போல. ஆள் இளைத்திருந்தார், ஆனால் தலை வாரி, பொட்டு வைத்து, புடவையை மடிப்புக் கலையாமல் கட்டியிருந்தார். வேலைக்குக் கிளம்பியவர்போல இருந்தது. மேசையில் வைத்த தண்ணீர்க் குவளையில் தண்ணீர் நடுங்கிக்கொண்டே இருந்தது. பின்னால் லோரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. நாங்கள் இருவரும் கொஞ்சம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பெருநாள், லோரித் தடை, என் பொய், எல்லாம். அழுதும்விட்டேன். "வித்துக் கொடுக்கிறேன் ஆன்ட்டி, என் கமிஷன் வேணாம்" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"முப்பத்தெட்டு வருஷம் காதால சாப்பிட்டவ நான். ஒரு ரோடு அமைதியா இருக்கிறதுக்கும், ஒரு ரோட்ட வாயப் பொத்தி வச்சிருக்கிறதுக்கும் வித்தியாசம் தெரியாதா? வேணாம்னு சொல்லத்தான் கண்ண தொறந்தேன். அப்புறம் நீ யார் பொண்ணுன்னு சொன்ன."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அவசரப்படாமல் சொன்னார்.

"அந்தக் காலத்துல வெளியூர் கால்னா மூணு நிமிஷம். இந்தப் பக்கம் யாரோ ஒருத்தர் ரிசீவர எடுத்ததுலருந்து கணக்கு. கனெக்ட் பண்ணிட்டா நாங்க கேக்கக் கூடாது, போர்டுல எங்க காதுக்கு வர்ற சுவிட்ச மேல தள்ளிடணும். மூணு நிமிஷம் ஆனதும் உள்ள வந்து சொல்லணும். மேல காசு போடலன்னா வெட்டணும். உங்க அத்தா கால நான்தான் கனெக்ட் பண்ணேன், ஆப்ரின். கடைக்காரர் எடுத்தாரு. உங்க அம்மா ஓடி வர்றதுலயே மூணு நிமிஷமும் போயிடுச்சு. நான் அவர் பக்கத்து லைன்ல மட்டும் உள்ள வந்தேன். 'அக்கா, இப்பதான் பீவி வந்துச்சு, கையில காசு இல்ல, ஒரு நிமிஷம் குடுங்க'ன்னாரு. எனக்கு இருபத்தாறு வயசு. பின்னால சூப்பர்வைசர் நிக்கிறாரு. வெட்டிட்டேன்."

அவர் நிறுத்தவில்லை.

"மூணாம் நாள் உங்க அம்மா ஆபீசுக்கு வந்தா. நீ இடுப்புல இருந்த. 'அவங்க என்ன சொல்ல வந்தாங்க, நீங்க கேட்டிருப்பீங்கல்ல'ன்னு கெஞ்சுனா. நான் கேக்கல. கேக்கக் கூடாதுன்னு சட்டம். நான்தான் வெட்டுனேன்னு அவகிட்ட சொல்லல. கவுன்டர் பின்னால நின்னு, யார் டியூட்டின்னு தெரியலன்னு சொல்லிட்டேன்."

அவர்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு நிமிடம். அம்மாவுக்கு முப்பத்துநாலு வருடம் போதாமல் போனது அந்த ஒரு நிமிடத்தால். எழுந்து போய்விடலாம் என்று பையை எடுத்தேன்.

"போகாத. உனக்காக வீட்ட எடுத்தேன்னு பெருமைக்குச் சொல்ல வரல. பாவத்துக்கு ஏதோ பரிகாரம்னு நெனச்சு, உனக்கு ஒரு வியாபாரம் ஆகட்டும்னுதான் எடுத்தேன். இங்க வந்து மூணு மாசம் இந்தச் சத்தத்துல செத்துக்கிட்டிருந்தேன். அப்புறம்தான் ஒரு நாள் ஐஞ்சு பத்துக்கு அது நின்னுச்சு. உங்க அத்தா கூப்பிட்ட நேரம். ஒவ்வொரு காலுக்கும் நாங்க போடுற டிக்கெட்ல நான் எழுதின நேரம்." அவர் எழுந்தார். "தினமும் கேக்குறாரு. ஒரு நிமிஷம் குடுங்கன்னு. நான் யாருக்குக் கொடுப்பேன்? பீவி இல்ல. நீ எடுக்க மாட்டேங்கிற."

மலர் சொன்னது சரிதான், பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்று அப்போதும் நினைத்தேன். அவர் மனம் நோகக் கூடாதே என்றுதான் பின்னால் போனேன்.

பின்னறையில் ஒரே ஒரு நாற்காலி, ஜன்னலைப் பார்த்தபடி. வேறு சாமான் இல்லை. சுவரில் ஒரு கடிகாரம். இரைச்சல் அங்கே நெஞ்சுக்குள் இடித்தது. மேட்டின் மேல் ஒரு எண்ணெய் லோரி, அதன் பின்னால் இரண்டு கொள்கலன் வண்டிகள். நாற்காலியில் என்னை உட்கார வைத்துத் தோளில் கை வைத்தார். பெரிய முள் இரண்டைத் தொட்டது, ஐந்து பத்து.

சத்தம் நின்றது.

லோரிகள் நிற்கவில்லை. அவை போய்க்கொண்டே இருந்தன, சக்கரங்கள் சுழல்வது எனக்குத் தெரிந்தது, ஒரு வண்டியின் தார்ப்பாய் காற்றில் அடித்துக்கொள்வது தெரிந்தது. எதிலிருந்தும் ஒரு சத்தம் இல்லை. என் வளையல் உரசியது எனக்குக் கேட்டது. ஆன்ட்டி மூச்சு விடுவது கேட்டது. காதில் நோவு ஏதாவதா என்று விரலை விட்டுப் பார்த்தேன். அப்புறம் எங்கோ தூரத்தில் ஒரு ரீங்காரம் கேட்டது, பழைய ரிசீவரைக் காதில் வைத்தால் கேட்குமே, அது. அதற்குள் காசு ஒன்று விழுந்தது.

ஆன்ட்டி நிமிர்ந்தார். "வணக்கம், மூவார். ஆள் வந்தாச்சு. பேசுங்க" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். என் பக்கம் குனிந்து, "லைன் வந்துருச்சு" என்றார். பிறகு வெளியே போய்க் கதவைச் சாத்தினார். அவருடைய காலடி சமையலறை வரை போனது. அங்கேயும் நிற்காமல் வாசலுக்குப் போனது. கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் அவ்வளவு தூரம் போகிறார் என்று புரிந்தது.

ரீங்காரத்துக்குள் ஒருவர் மூச்சு வாங்கினார். அத்தாவின் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அம்மாதான், நான் ஒரு நாளும் கேட்டதில்லை. பயந்தேன். எழுந்து ஓடக் கால் துடித்தது. ஒரு நிமிடம் அப்படியே போனது, அம்மா தெருவில் ஓடி வந்த நிமிடங்கள்போல.

"அத்தா" என்றேன். "பீவி இல்ல. அம்மா போயிட்டாங்க. நான் ஆப்ரின். சொல்லுங்க, நான் கேக்குறேன்."

ஜன்னலுக்கு வெளியே லோரிகள் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தன. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து பதின்மூன்று ஆனது. மூன்று நிமிடம் முடிந்தது என்று சொல்லி லைனை வெட்ட யாரும் உள்ளே வரவில்லை.