மச்சாள் ஏற்றிய ஐந்தாவது திரி

பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் என்னை எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள். ஊரில் நான் படிப்பித்தது கொஞ்சக் காலம்தான். பாரிசில் பெரும்பாலான ஆண்டுகளை மொழிபெயர்ப்பாளனாகக் கழித்தேன். அகதி விண்ணப்பக்காரர்கள் சொல்வதை அதிகாரிகளுக்கு பிரெஞ்சில் சொல்வது என் வேலை. அந்த வேலையில் இரண்டு பக்கத்தாரும் நம் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நாம் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்ற நினைப்பு மெல்ல ஊறிவிடும். எனக்கும் ஊறியது.

இன்றைக்கும் மெத்ரோ பாலத்துக்குக் கீழே நடந்து போனால் யாராவது மறித்து, "மாஸ்டர், உங்கட புண்ணியத்திலை ஊரிலை ஆசுப்பத்திரி நல்லா ஓடுது" என்பார்கள். தலையாட்டிவிட்டுப் போவேன். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

போர் முடிந்து சில ஆண்டுகளில், எங்கள் பகுதியின் மீள்கட்டுமானத்துக்கு உதவ பிரெஞ்சு அரசாங்கம் முன்வந்தது. எங்கள் ஊருக்கு ஒரு சிறிய மருத்துவமனை கட்டித் தருவதாகப் பேச்சு. எங்கள் நாட்டுத் தூதரகத்துக்கும், அந்த உதவிகளைக் கவனித்த பிரெஞ்சு அலுவலகத்துக்கும் இடையில் கூட்டங்கள் நடந்தன. இங்குள்ள எங்கள் ஊர்ச் சங்கத்துக்கும் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். அந்த நாற்காலியில் நான் இருந்தேன்.

சிக்கல் முழுவதும் இடத்தைப் பற்றியது. எங்கள் ஊர் கடற்கரையில் இருக்கிறது. போர்க்காலத்தில் இராணுவம் அதைச் சுற்றிக் கம்பிவேலி போட்டது. போர் முடிந்த பிறகும் வேலி போகவில்லை. சனங்கள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்தார்கள். ஊரிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு வெட்டைவெளியில், அவர்களுக்குப் புதிதாக வீடுகள் கட்டிக் கொடுக்கிறோம், மருத்துவமனையையும் அங்கேயே கட்டுங்கள் என்றது தூதரகம். பழைய இடத்தில்தான் கட்ட வேண்டும், அதற்காக வேலியை எடுக்க வேண்டும் என்றது சங்கம். மருத்துவமனை எங்கே எழுகிறதோ அதுதான் இனி ஊர் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பிரெஞ்சு அலுவலகத்தின் சார்பில் வந்தவர் நடுவயதுப் பெண்மணி. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரே கேள்வியைக் கேட்பார். "அந்த ஊர்க்காரர்கள் புது இடத்துக்கு ஒத்துக்கொள்கிறார்களா? அது தெரியாமல் நான் ஒரு கல்லும் வைக்க மாட்டேன்." அது நியாயமான கேள்வி. நான் அதை ஒழுங்காகத்தான் மொழிபெயர்த்தேன்.

தூதரகத்தின் சார்பில் வந்த செயலாளர் கொழும்பில் வளர்ந்த தமிழர். சிரித்துப் பேசும் மனிதர். ஒரு கூட்டம் முடிந்து கோப்பி இயந்திரத்தடியில் நிற்கும்போது என் தோளில் கை போட்டார்.

"மாஸ்டர், உங்கட சங்கம் கேக்கிறது நடக்கிற காரியமா? ஆமிக்காரன்ட வேலியை நான் பாரிசில இருந்து புடுங்க ஏலுமா? இப்பிடியே இழுத்தா மெடம் காசை வேற நாட்டுக்குக் குடுத்திருவா. பிறகு உங்களுக்கு வேலிதான் மிச்சம்."

"சனம் ஒத்துக்கொள்ளாது" என்றேன்.

"சனத்தை யார் கேக்கச் சொன்னது? கையெழுத்து கிய்யெழுத்து ஒண்டும் வேணாம். சங்கம் ஒரு ஒன்றுகூடல் வைக்கட்டும். நாங்களும் வாறம், மெடமும் வருவா. ஊருக்குள்ள காணி உள்ள ஒராள் மேடைக்கு வந்து எங்களோட சேர்ந்து விளக்கேத்தினாப் போதும். மெடம் கண்ணால பார்ப்பா. மிச்சத்தை நான் பார்த்துக்கிறன்."

"நானே ஏத்தலாமே."

"நீங்க பிரெஞ்சுக்காரன், மாஸ்டர். பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்க" என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் என்ன கேட்கிறார் என்பது எனக்கு நன்றாக விளங்கியது. சங்கத்தில் நான் அதைச் சொல்லவில்லை. நல்லெண்ண ஒன்றுகூடல் என்று மட்டும் சொன்னேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். பாதியாவது கிடைக்கட்டும் என்று நினைத்தது உண்மை. பேச்சுவார்த்தை முறிந்தால் என் நாற்காலியும் போய்விடும் என்று பயந்தது அதைவிட உண்மை. இளமையிலேயே ஊரைவிட்டு வந்தவன் நான். ஊருக்கு ஒன்றைக் கட்டிக் கொடுத்தவன் என்ற பெயர் எனக்கு வேண்டியிருந்தது.

காணி உள்ள ஆள் என்றதும் என் மனதில் வந்தவள் என் மச்சாள், என் மனைவியின் தங்கை. அவள் வீடும் கிணறும் வளவும் வேலிக்குள்ளே இருந்தன. கணவனைப் போரின் கடைசியில் இழந்து, மகனோடு இங்கே வந்தவள். புறநகரான வில்லியே லே பெல்லில் இருந்து விடிய ரயிலேறி வந்து, லாச்சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இடியப்பம் அவிப்பாள். அகதி அட்டைக்காரி. அகதி அட்டை வைத்திருப்பவர்கள் தூதரக வாசலை மிதிப்பதில்லை. மிதித்தால் அட்டைக்கே ஆபத்து. அதனால் ஒன்றுகூடலை லாச்சப்பலில் ஒரு கலியாண மண்டபத்தில் வைத்தோம்.

கடையின் பின்பக்கத்துக்குப் போய் அவளிடம் கேட்டேன்.

"நான் விளக்கேத்திறதோ? என்ன அத்தான், பகிடி விடுறியளோ?"

"ஏன், ஏத்தினால் என்ன?"

"தாலியறுத்தவள் மேடையிலை ஏறி விளக்கேத்தினாச் சனம் என்ன சொல்லும்?"

"கை தட்டும்" என்றேன். "நாங்கள் இஞ்சை வந்தும் இதையே பிடிச்சுக்கொண்டு நிக்கிறதோ? ஊருக்காக ஆர் ஏத்தவேணும், நீ ஏத்தாமல்?"

அவள் கையை முந்தானையில் துடைத்தாள். பிறகு மறுபக்கம் திரும்பி நின்றாள். எங்கள் சனத்தில் கைம்பெண்ணை மங்கல விளக்குக்கு அழைப்பதில்லை. சொந்த அக்காளின் மகள் பெரியவளான சாமத்தியச் சடங்கில், அதாவது என் வீட்டிலேயே, அவள் சமையற்கட்டைவிட்டு வெளியே வரவில்லை. அன்றைக்கு நானும் அவளைக் கூப்பிடவில்லை. இப்போது கூப்பிட்டேன். மறுக்கமாட்டாள் என்று தெரிந்துதான் கூப்பிட்டேன்.

விளக்கில் ஐந்து திரிகள். பிரெஞ்சுப் பெண்மணி, தூதரகச் செயலாளர், சங்கத் தலைவர், ஒரு பாதிரியார், கடைசியாக மச்சாள். அவள் பச்சைக் கரை போட்ட சேலை உடுத்து வந்திருந்தாள். முதல் முறை நெருப்பு பற்றவில்லை. இரண்டாம் முறை பற்றியது. மண்டபம் முழுக்கக் கை தட்டியது, முன்வரிசைப் பெண்கள் எழுந்து நின்று தட்டினார்கள். தூதரகம் அழைத்து வந்த புகைப்படக்காரர் படம் எடுத்தார்.

"இவர் அந்த ஊர்க்காரரா?" என்று பெண்மணி என்னிடம் பிரெஞ்சில் கேட்டார்.

"ஆம். வேலிக்குள்ளே காணி உள்ளவர்" என்றேன்.

"அப்படியென்றால் அவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள்."

அதற்கு நான் சிரித்தேன். இத்தனை ஆண்டு மொழிபெயர்த்தவனுக்கு, அந்தச் சிரிப்பு எந்த மொழியிலும் என்ன சொல்லும் என்று தெரியாமல் இல்லை.

மருத்துவமனை புது இடத்தில் எழுந்தது. சங்கத்தில் சிலர் சத்தம் போட்டார்கள். ஒன்றுமில்லாததற்கு இது பரவாயில்லை என்று நான் எழுந்து பேசினேன், அடங்கிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு அங்கே ஊசி போடுகிறார்கள். பிரசவம் பார்க்கிறார்கள். அதெல்லாம் நல்ல காரியம்தான், அதை நான் மறைக்கவில்லை.

பிறகு ஊரில் சிலர் தங்கள் காணிகளைக் கேட்டு, மாவட்ட அரச அலுவலகமான கச்சேரிக்குப் போனார்கள். அதற்கடுத்த நாள் மச்சாள் என்னைக் கடைக்கு வரச்சொன்னாள். முகம் வெளிறியிருந்தது.

"அத்தான், அங்கை கச்சேரியிலை என்ரை படத்தைக் காட்டினவங்களாம். உங்கட ஆக்களே பாரிசிலை விளக்கேத்தி புது இடத்தை ஏற்றுக்கொண்டிட்டினம், இனி என்ன காணி எண்டு கேட்டவங்களாம். இவரின்ரை தம்பி ரெலிபோனிலை கத்துறான், நீ ஆரைக் கேட்டு ஏத்தினனி எண்டு. நான் விளக்குத்தானே அத்தான் ஏத்தினனான்?"

"அவங்கள் திரிச்சுப்போட்டாங்கள்" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாதோ?"

"எனக்கு எப்பிடித் தெரியும்?"

அவள் நம்பினாள். கணவனின் தம்பி அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டான். லாச்சப்பலில் யாராவது என்னைப் பற்றி ஒரு சொல் குறைவாகச் சொன்னால், "அத்தானுக்குத் தெரிஞ்சிருந்தா என்னை ஏத்த விட்டிருக்கமாட்டார்" என்று சண்டைக்குப் போவாள். அவளிடம் சண்டை வாங்கியவர்களே வந்து அதை என்னிடமும் சொல்வார்கள். என் மனைவி இறந்த பிறகு, மச்சாள் எனக்குப் பகல் சாப்பாட்டை ஒரு பெட்டியில் போட்டு என் பெயரை எழுதிக் கடையில் வைத்துவிட்டுப் போவாள். நான் போய் எடுத்து வருவேன். வேறு தெருவால் போகலாம், வேறு கடையில் சாப்பிடலாம். ஆனால் போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பாள். ஆகவே போனேன். வேண்டாம் என்று ஒருநாளும் சொல்லவில்லை.

அண்மையில் வேலி துண்டு துண்டாகப் பின்வாங்கத் தொடங்கியது. சிலருக்குக் காணி கிடைத்தது. மச்சாளின் வளவு இன்னும் உள்ளேதான். மருத்துவமனையைப் பெருப்பிப்பது பற்றி இரண்டு தரப்பும் மீண்டும் கூடுகின்றன என்று கேள்விப்பட்டதும், தானே வந்து காணியைக் கேட்கப் போவதாகச் சொன்னாள். இப்போது அவளிடமும் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் இருக்கிறது. பயமில்லை. "நீங்கள் மொழிபெயர்க்கவேணும் அத்தான்" என்றாள்.

அங்கே போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் முன்பே ஒத்துக்கொண்டீர்களே என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை என் வாயாலேயே நான் அவளுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, ஒன்றும் அறியாதவன் போல அவள் பதிலைக் காத்திருக்க வேண்டும். அது என்னால் முடியாது என்று கண்டேன்.

கடை திறக்க முன்பு போய்ச் சொன்னேன். கோப்பி இயந்திரத்தடியில் செயலாளர் சொன்னது, நான் அவளைத் தேர்ந்தது, பெண்மணி கேட்டது, நான் சிரித்தது, பிறகு பொய் சொன்னது. அவள் இடியப்ப உரலைப் பிழிந்துகொண்டே கேட்டாள். ஒரே தட்டில் இடியப்பம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது. அதைக் கவனித்தபோதுதான் கையை நிறுத்தினாள்.

"அப்ப அண்டைக்கு என்னைக் கூப்பிட்டது மரியாதைக்கு இல்லை."

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"காணி வேறை கதை, அத்தான். அதை அவங்கள் எப்பிடியும் பிடிச்சு வைச்சிருப்பாங்கள். அண்டைக்கு நான் வீட்டை போய் அழுதனான், தெரியுமோ? சந்தோசத்திலை. இவர் போனபிறகு என்னையும் ஒரு மனுசியா நினைச்சு ஒராள் கூப்பிட்டிருக்கெண்டு. அக்காவுக்குக்கூடச் சொல்லேல்லை, சிரிப்பா எண்டு."

மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். கையால் நிறுத்தினாள்.

"கூட்டத்துக்கு நீங்கள் வரவேணும். எனக்குப் பக்கத்திலை இருக்கவேணும். ஆனா நான் சொல்லாமல் வாய் திறக்கப்படாது."

"ஆர் மொழிபெயர்க்கிறது?"

"நானே கதைப்பன்."

போனோம். பழைய பெண்மணியும் செயலாளரும் எப்போதோ மாறிப் போயிருந்தார்கள். பிரெஞ்சுத் தரப்பில் ஓர் இளைஞர், தூதரகத் தரப்பில் ஓர் அம்மா. மச்சாள் தன் சமையலறைப் பிரெஞ்சில் பேசினாள். "நான் விளக்கு ஏத்துது. சரி சொல்ல இல்லை. என்னை ஒருவரும் கேள்வி இல்லை." ஒரு வினைச்சொல்லும் சரியாக இல்லை. திருத்த வேண்டும் என்று என் நாக்கு துடித்தது. இளைஞர் உதவிக்கு என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். அவளே மறுபடி சொன்னாள், இன்னும் மெதுவாக. அவருக்கு விளங்கியது.

"ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஏன் மேடைக்கு வந்தீர்கள்?" என்று தூதரக அம்மா கேட்டார்.

மச்சாள் என் பக்கம் திரும்பினாள். "இப்ப சொல்லுங்கோ."

சொன்னேன். அது சம்மதமாக எடுக்கப்படும் என்று தெரிந்தே நான்தான் அவரை அழைத்தேன், அவருக்கு ஒன்றும் தெரியாது என்றேன். நான் எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக முடிந்துவிட்டது அது. இளைஞர் பேனையை எடுத்துக் குறித்துக்கொண்டார். தூதரக அம்மா, மருத்துவமனை நன்றாக இயங்குகிறது, அதை இனி யாரும் மாற்ற முடியாது என்றார்.

"ஆசுப்பத்திரியை இடிக்கச் சொல்லி ஆர் கேட்டது?" என்றாள் மச்சாள் தமிழில். என்ன சொன்னார் என்று இளைஞர் என்னைக் கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. அவளே பிரெஞ்சில், "வேலி. வேலி மட்டும்" என்றாள்.

மேலிடத்தில் கேட்கிறோம், கோடை விடுமுறைக்குப் பிறகு மறுபடி கூடுவோம் என்றார்கள். இப்படியான பதிலை நான் எத்தனையோ பேருக்கு மொழிபெயர்த்திருக்கிறேன். இந்தத் தடவை அதை மொழிபெயர்க்கச் சொல்லி அவள் கேட்கவில்லை.

படியிறங்கும்போது அவள் முன்னால் போனாள். கீழே வந்ததும் நின்றாள்.

"அடுத்த முறையும் வரவேணும் அத்தான்."

"அப்ப நான் கதைக்கலாமோ?"

"இல்லை. நான் ஏன் மேடையேறினனான் எண்டு அவங்கள் திரும்பவும் கேப்பாங்கள். கேக்கேக்கை மட்டும் சொல்லுங்கோ."

ஓம் என்றேன். அவள் ரயிலுக்குப் போய்விட்டாள்.