தங்கச்சிக்கு வீடு, அக்காவுக்கு ஒழுகல்

"அரிசி குடுத்தவனுக்குக் கையத் தட்டு, வீடு குடுத்தவனுக்குப் பல்லக் காட்டு. எனக்கு எதுக்குடி போன் போடுற?"

புது வீட்டுப் பெருமை பேசிய தங்கச்சி பியாட்ரிஸிடம் தபித்தாள் கத்தியது எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்டது. பக்கத்து வீடு நான். அவள் தொண்டைக்குச் சுவரெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். பதினாறு வயதில், இரண்டு சர்க்காரும் போட்ட ஒப்பந்தம் என்று சொல்லிக் கப்பலேற்றினார்கள். அப்பா அம்மாவோடு கூடலூர் வந்தாள். தங்கச்சி சித்தியோடு அங்கேயே, இலங்கை ஹட்டனில் நின்றுவிட்டாள். இங்கே ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்தும் இவள் பெயர் சிலோன்காரிதான். மருமகள் சுகுணாவுக்குத் தோட்டத்தில் வேலை இருப்பதால் லயத்தில் இடம். கூரை மூன்று வருஷமாக ஒழுகுகிறது.

அங்கே கதை வேறு. சீனாக்காரன் தங்கச்சியின் பேரப்பிள்ளைகளுக்குப் புத்தகப்பை கொடுத்தான், அரிசி கொடுத்தான், படம் பிடித்தான். ஜப்பான்காரன் பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் கட்டினான். அதுவரை நாட்டாமை மாதிரி உட்கார்ந்திருந்த நம் டில்லி அலறியடித்துக்கொண்டு எழுந்தது. ஓடிப்போய் வீடே கட்டிக் கொடுத்தது. பாசமாம், தொப்புள்கொடியாம்! தேர்தலுக்குச் சேலை கொடுப்பவனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

கத்தினாளே தவிர, மறுநாளே தங்கச்சி அனுப்பிய வீட்டுப் படத்தைக் கடையில் பிரிண்ட் போட்டாள். ஒரு மனுவோடு அதைத் தோட்ட ஆபீசுக்குக் கொண்டுபோனாள். துணைக்கு நான்.

"ஐயா, இது என் கூடப்பொறந்தவ வீடு. குடுத்தது நம்ம சர்க்கார். நான் மூத்தவ. எனக்கு வீடு வேணாம், கூரைக்கு நாலு ஷீட் போட்டுக் குடுங்க."

கிளார்க் செந்தில்நாதன் சிரித்தான். "ஏனுங்கம்மா, அங்க சீனாக்காரன் பூந்துட்டான், அதனால குடுக்கறாங்க. இங்க உங்களை எவன் கொத்திட்டுப் போகப்போறான்?"

"அப்ப சீனாக்காரனுக்கே ஒரு மனு எழுதிக் குடு. கைநாட்டு நான் வெக்கிறேன்."

அவன் சிரிப்பு நின்றது. "அப்படியெல்லாம் பேசாதீங்க, வம்பாயிருமுங்க" என்று முணுமுணுத்தபடி மனுவை வாங்கிக் கம்பியில் குத்தினான். அவளுடைய பழைய மனு இரண்டு அதிலேயே மஞ்சளாகத் தொங்கின.

பெரிய ராஜ்யங்களாம். எதிரி வந்தால்தான் இவர்களுக்குச் சொந்தக்காரி ஞாபகம் வரும். தூ!

ஆனி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஷீட் வரவில்லை; முதல் நாளே படுக்கை நனைந்தது. காலையில் தபித்தாள் மருமகளைக் கூட்டிக்கொண்டு பஜாருக்குப் போனாள், அரைமணி நேரம் பேரம் பேசினாள், கூரைமேல் விரிக்க ஒரு நீலத் தார்ப்பாய் வாங்கி வந்தாள். ஆயிரத்து நானூற்றைம்பது ரூபாய், சொந்தக் காசு.