யோசெப்பின் நிறுத்திய கூட்டம்

டில்ஷானி பேசி முடித்ததும் தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். முன்வரிசைப் பெண்கள் சிலர் கண்களைத் துடைத்தார்கள். கடைசி வரிசையில், துண்டுப் பிரசுரக் கட்டுகளுக்குப் பக்கத்தில் இருந்த யோசெப்பின் மட்டும் எழும்பவில்லை. முழங்கால் வலி என்று கேட்டவர்களுக்குச் சொன்னாள். முழங்காலில் ஒரு வலியும் இல்லை.

அவளுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி வீட்டில் கணவன் ஒஸ்வால்டோடும் மகள் சாமினியோடும் இருந்தாள். ஒஸ்வால்ட் துறைமுகத்தில் கிரேன் இயக்குபவர். யோசெப்பின் கொச்சிக்கடையில் கப்பல் சரக்குகளை விடுவித்துக் கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் சுங்கப் பத்திரங்கள் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். பங்கில் கருக்கலைப்புக்கு எதிராக இயங்கிய சிறிய குழுவுக்கும் பன்னிரண்டு வருடங்களாக அவள்தான் தட்டச்சுக்காரி. கடிதம் அடிப்பது, பிரசுரங்களைத் தமிழில் திருத்துவது, மண்டபம் பதிவு செய்வது, குழுவின் பேஸ்புக் பக்கத்தைப் பார்ப்பது எல்லாம் அவள் வேலை.

அவள் அந்தக் குழுவில் சேர்ந்ததற்குக் காரணம் சாமினி. அவள் வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருந்தபோது எடுத்த ஸ்கானைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு டவுன் சின்ட்ரோம் இருக்கக் கூடும், இதயத்திலும் குறை தெரிகிறது என்று டொக்டர் சொன்னார். தாயின் உயிருக்கு ஆபத்து என்றாலொழிய நாட்டின் சட்டம் கலைக்க விடாது என்றும் சொன்னார். அன்று பின்னேரமே ஒஸ்வால்டின் அக்கா, இதற்கென்று இருக்கும் ஓர் இடத்தின் விலாசத்தைக் கடதாசியில் எழுதிக்கொண்டு வந்தாள். யோசெப்பின் அந்தக் கடதாசியை வாங்கவே இல்லை. வயிற்றுக்குள் அசைவது தன் பிள்ளை என்பதற்கு மேல் அவளிடம் எந்த வாதமும் இருக்கவில்லை. சாமினி பிறந்தாள். மூன்று வயதில் பொரளைச் சிறுவர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு நெஞ்சில் சத்திரசிகிச்சை நடந்தது. நடக்க நான்கு வயதானது, தன் பெயரை எழுதப் பதினொரு வயதானது. இப்போது இருபத்து நான்கு வயது. பிரசுரங்களை விளிம்போடு விளிம்பு பொருத்தி மடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

இத்தனை வருடங்களில் மேடையில் ஏறி இதைச் சொல்லும்படி யாரும் யோசெப்பினைக் கேட்டதில்லை. அவளும் கேட்கவில்லை. டில்ஷானி வரும்வரை அது அவளுக்கு ஒரு குறையாகவும் தெரியவில்லை.

டில்ஷானிக்கு முப்பத்தைந்து வயது. தெஹிவளையில் இருந்தாள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் தண்ணீர் மாதிரிப் பேசுவாள். இருபத்திரண்டு வயதில் காதலித்தவன் கைவிட்டுப் போன பிறகு கருவைக் கலைத்தவள். இப்போது கல்யாணமாகி இரண்டு ஆண் பிள்ளைகள். தான் செய்ததை ஒளிக்காமல் சொன்னாள். காதலன் தொலைபேசிக்கு அனுப்பிய படங்கள், அவன் கேட்டவை, தான் மறுக்க வெட்கப்பட்டது, பிறகு ஒரு பின்னறைக் கட்டிலில் கூரையைப் பார்த்தபடி கிடந்தது எல்லாவற்றையும் சொன்னாள். பங்கு மண்டபத்தில் யாரும் உச்சரிக்காத சொற்களை அவள் சாதாரணமாக உச்சரித்தாள். இளம் பிள்ளைகள் தலையை நிமிர்த்திக் கேட்டார்கள்.

யோசெப்பினுக்குள் ஒன்று எரியத் தொடங்கியது அப்போதுதான். சரியானதைச் செய்தவள் மண்டபத்துக் கதிரைகளை அடுக்குகிறாள், பிழையைச் செய்தவளுக்கு மாலை போடுகிறார்கள் என்று நினைத்தாள். டில்ஷானிக்கு மன்னிப்பும் கிடைத்துவிட்டது, கைதட்டலும் கிடைத்துவிட்டது, ஓடி விளையாடும் இரண்டு பிள்ளைகளும் கிடைத்துவிட்டார்கள். இதை நினைத்ததற்காகப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். அங்கே வேறு ஏதோ சின்னப் பாவங்களைச் சொல்லிவிட்டு வந்தாள்.

போதாததற்குச் சாமினியும் டில்ஷானியோடு ஒட்டிக்கொண்டாள். டில்ஷானி ஒவ்வொரு முறையும் அவளுக்குத் தலைக்குக் கிளிப் கொண்டு வருவாள். வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்று, "டில்ஷானி அக்கா வடிவு, அம்மா வடிவில்லை" என்று சாமினி சொன்ன நாளில் யோசெப்பின் குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

அந்த வருடம், சட்டத்தைத் தளர்த்த வேண்டும் என்ற பேச்சு நாட்டில் மீண்டும் எழுந்தது. பாலியல் வன்முறையால் உண்டான கருவையும், பெருங்குறையோடு வளரும் கருவையும் கலைக்க அனுமதிக்க வேண்டும் என்று பலர் எழுதினார்கள். குழுவின் தலைவர் ஜொனாதன், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, வெள்ளவத்தையில் ஒரு மண்டபம் எடுத்து எல்லா மதத்து இளைஞர்களையும் அழைத்து ஒரு கூட்டம் வைப்போம் என்றார். யார் பேசுவது என்று யாரும் கேட்கவில்லை. குறையுள்ள கருவைப் பற்றிய கூட்டத்திலும் டில்ஷானிதான் பேசுவாள் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அழைப்பிதழில் டில்ஷானியின் பெயரைப் பெரிய எழுத்தில் அடித்தது யோசெப்பின்தான்.

அழைப்பிதழைப் பார்த்து ரூபிகா என்ற சட்ட மாணவி பேஸ்புக்கில் எழுதினாள். வெள்ளவத்தைப் பிள்ளை. சட்டம் பெண்ணை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு ஆணை ஓட விடுகிறது, இவர்கள் அதைப் பற்றிப் பேசுவார்களா, நான் வந்து கேட்கப் போகிறேன் என்பதுதான் அவள் எழுதியதன் சுருக்கம். அதற்குக் கீழே யார் யாரோ, இப்படியான பேச்சுக்கு மண்டபமே கொடுக்கக் கூடாது என்று எழுதினார்கள்.

கூட்டத்துக்கு நான்கு நாள் இருக்கையில் யோசெப்பினுக்கு மண்டப முகாமையாளரிடமிருந்து அழைப்பு வந்தது. சிவபாதசுந்தரம் என்ற வயதான மனிதர். பதிவுப் படிவத்தில் இருந்தது அவளுடைய இலக்கம்.

"பிள்ளை, ரெண்டு மூண்டு பெற்றோர் எனக்குக் கோல் எடுத்தவை," என்றார். "அந்தப் பிள்ளை மேடையில செக்ஸைப் பற்றியெல்லாம் கதைப்பாவாம். பெட்டையள் வந்து இருக்கிற இடம். அப்பிடி ஒண்டும் இல்லைத்தானே? நீங்கள் இல்லையெண்டு சொன்னா நான் அவையளுக்குச் சொல்லிப்போடுவன்."

இல்லை என்ற ஒரு சொல் போதும். டில்ஷானி சொல்வதில் அசிங்கம் எதுவும் இல்லை என்பது யோசெப்பினுக்குத் தெரியும். அவள் திரையில் பாதி அடித்திருந்த பத்திரத்தைப் பார்த்தாள்.

"எனக்கு உறுதியாச் சொல்ல ஏலாது ஐயா," என்றாள். "அவ வெளிப்படையாத்தான் கதைப்பா. நீங்கள் யோசிச்சுச் செய்யுங்கோ."

மறுநாள் மண்டபம் இல்லை என்று கடிதம் வந்தது. யோசெப்பின் அன்று நன்றாகச் சாப்பிட்டாள். இரண்டு நாள் மனம் லேசாக இருந்தது.

ஆனால் காரியம் அவள் நினைத்தபடி போகவில்லை. ரூபிகாவும் அவளுடைய கூட்டாளிகளும்தான் மண்டபத்தை நிறுத்தினார்கள் என்று ஜொனாதன் முடிவு செய்துவிட்டார். உண்மை பேசும் ஒரு பெண்ணின் வாயை அடைத்துவிட்டார்கள், கருத்துச் சுதந்திரம் பற்றிக் கத்துகிறவர்களே கருத்தைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று எழுதி, ரூபிகாவின் படத்தையும் போட்டார். அது எங்கெல்லாமோ பகிரப்பட்டது. இரண்டு பங்குகளிலிருந்து டில்ஷானியைப் பேச அழைத்தார்கள். ஒரு வானொலியிலிருந்தும் கேட்டார்கள். முன்பு மேடையில் கைதட்டல் வாங்கியவள் இப்போது வாயடைக்கப்பட்டவளுமாகிவிட்டாள். யோசெப்பினின் பொறாமைதான் அவளை இன்னும் ஒரு படி ஏற்றிவிட்டிருந்தது.

படத்துக்குக் கீழே ரூபிகாவைப் பற்றி எழுதப்பட்டவற்றை யோசெப்பின் படித்தாள். பக்கத்தைப் பார்ப்பவள் அவள் என்பதால் படிக்கத்தான் வேண்டும். எத்தனை பிள்ளையை அழித்தாய், யாரோடு படுத்தாய் என்று கேட்டிருந்தார்கள். கேட்டவர்களில் சிலர் ஞாயிறு பூசையில் யோசெப்பினுக்கு வணக்கம் சொல்பவர்கள். சிலவற்றை அழித்தாள். அழிக்க அழிக்க வந்துகொண்டிருந்தன.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ரூபிகா தாயாரோடு பங்கு மண்டபத்துக்கு வந்தாள். மெலிந்த பிள்ளை. ஜொனாதன் அங்கே இல்லை. யோசெப்பினும் சாமினியும் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அன்ரி, நான் கூட்டத்தை நிப்பாட்டச் சொல்லேல்லை," என்றாள் ரூபிகா. "கேக்கிறதுக்கெண்டு எழுதி வச்சிருந்தனான். பாருங்கோ."

கொப்பியில் பதினொரு கேள்விகள் இலக்கமிட்டு இருந்தன. சிலவற்றை வெட்டி, மரியாதையான சொற்களில் திரும்ப எழுதியிருந்தாள். நிறுத்த நினைத்தவள் இப்படி உட்கார்ந்து எழுதியிருக்க மாட்டாள் என்பது யாருக்கும் விளங்கும். தாயார் பக்கத்தில் நின்று, மகள் மூன்று நாளாக வகுப்புக்குப் போகவில்லை என்று மட்டும் சொன்னார். படத்தை எடுத்துவிடச் சொல்கிறேன் என்றாள் யோசெப்பின். அதற்கு மேல் சொல்ல அவளுக்கு அங்கே துணிவு வரவில்லை.

வீட்டில் ஒஸ்வால்டிடம் முதன்முதலாக எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நிறையப் பேசும் மனிதரில்லை. "முதல்ல டில்ஷானியிட்டப் போ" என்றார்.

அன்று பின்னேரமே கோட்டை ரயில் நிலையத்திலிருந்து தெஹிவளைக்குப் போனாள். டில்ஷானி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து வைத்தாள். உள்ளே பிள்ளைகள் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. மண்டபத்திலிருந்து வந்த அழைப்பையும் தான் சொன்ன பதிலையும் யோசெப்பின் ஒன்றும் விடாமல் சொன்னாள்.

"ஏன் அக்கா?" என்றாள் டில்ஷானி.

"பொறாமை. வேற ஒண்டும் இல்லை. நான் பிள்ளையை வச்சிருந்தனான், ஒருத்தரும் கேக்கேல்லை. நீ இல்லாமச் செய்தனி, உனக்குக் கை தட்டுகினம்."

டில்ஷானி உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "ஒவ்வொரு தரமும் அதைச் சொல்லிப்போட்டு வந்தா அண்டைக்கு நான் சாப்பிடுறதில்லை," என்றாள். "அது இருந்திருந்தா இப்ப பன்னெண்டு வயது. உங்கட சாமினி வந்து என்னைக் கட்டிப் பிடிக்கேக்க நான் என்ன நினைக்கிறனான் எண்டு உங்களுக்குத் தெரியுமா? இதுக்கே அக்கா பொறாமைப்பட்டனீங்கள்?"

யோசெப்பின் மன்னிப்புக் கேட்டாள். "போயிட்டு வாங்கோ அக்கா, இண்டைக்கு என்னால கதைக்க ஏலாது" என்று டில்ஷானி கதவுவரை வந்தாள். தேத்தண்ணி அப்படியே ஆறிக் கிடந்தது.

பிறகு ஜொனாதனிடமும் நடந்ததைச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நடந்தது நடந்துவிட்டது, இந்தச் செய்தியால் நம்முடைய பக்கத்துக்கு நிறையப் பேர் வந்திருக்கிறார்கள், இப்போது மாற்றிச் சொன்னால் உயிர்களுக்காகச் செய்யும் வேலை கெட்டுப் போகும் என்று தன்மையாக விளக்கினார். பிறக்காத பிள்ளையைப் பற்றி உண்மை சொல்ல வந்தவர்கள் பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளையைப் பற்றிப் பொய் சொல்லலாமா என்று யோசெப்பின் கேட்டாள். கொஞ்சம் பொறுப்போம் என்றார் அவர்.

அவள் பொறுக்கவில்லை. மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்திலிருந்தபடியே குழுவின் பக்கத்தில் ஐந்து வரி எழுதினாள். மண்டபம் நின்றதற்கு ரூபிகா காரணமில்லை, நான்தான் காரணம், டில்ஷானியின் பேச்சில் தவறு இருக்கவில்லை, என் மனதில்தான் இருந்தது, இருவரும் மன்னிக்க வேண்டும் என்று எழுதித் தன் பெயரைப் போட்டாள். ரூபிகாவின் படத்தையும் எடுத்தாள். ஒரு மணித்தியாலத்துக்குள் ஜொனாதன் அந்த வரிகளை அழித்து, அவளைப் பக்கத்திலிருந்தும் நீக்கிவிட்டார். அதற்குள் ரூபிகா அதைப் பகிர்ந்திருந்தாள். மேலே ஒரு வசனமும் சேர்க்கவில்லை.

இரண்டு கிழமை யோசெப்பின் பூசையில் தலை குனிந்து இருந்தாள். சிலர் அவளை விட்டு விலகி வேறு வாங்கில் போய் உட்கார்ந்தார்கள். பிறகு மண்டப முகாமையாளர் சிவபாதசுந்தரம் அழைத்தார். அவள் பேஸ்புக்கில் எழுதியதை அவருடைய மகன் காட்டினானாம். "நானும் ஒருக்கா நேர பேச இருந்த பிள்ளையிட்டயே கேட்டிருக்கலாம்," என்றார். மண்டபம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் வெறுமையாக இருக்கிறது, விரும்பினால் வைக்கலாம் என்றார். ஜொனாதன் தயங்கினார். டில்ஷானி பேசுகிறேன் என்று சொன்னதால் ஒப்புக்கொண்டார்.

கூட்டத்தில் டில்ஷானி முன்பைவிட நன்றாகப் பேசினாள். யோசெப்பின் கடைசி வரிசையில் சாமினியோடு இருந்தாள். பழைய எரிவு வந்தது. வந்ததை ஒத்துக்கொண்டு இருந்தாள்.

கேள்வி நேரத்தில் ரூபிகா எழும்பினாள். குறையுள்ள பிள்ளையைப் பெறத்தான் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, பெற்ற பிறகு அந்தத் தாயோடு யார் நிற்கிறார்கள் என்று கேட்டாள். டில்ஷானி மேடையிலிருந்து மண்டபத்தின் பின்பக்கம் பார்த்தாள். தனக்கு அதற்குப் பதில் தெரியாது, தெரிந்த ஒருவர் இங்கே இருக்கிறார் என்றாள்.

ஒலிவாங்கி கைமாறிக் கடைசி வரிசைக்கு வந்தது. யோசெப்பின் எழும்பி நின்றாள்.

"சட்டம் இப்ப இருக்கிற மாதிரியே இருக்கட்டும் எண்டுதான் நான் சொல்லுவன்," என்றாள். "இவளைப் பெத்ததுக்கு நான் ஒரு நாளும் கவலைப்படேல்லை. ஆனா இந்தப் பன்னெண்டு வருசத்தில நான் இவளோட ஒரு பின்னேரம் இருக்கிறன், நீ கடைக்குப் போயிட்டு வா எண்டு எங்கட குழுவில ஒருத்தரும் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை. அந்தத் தங்கச்சி கேக்கிறது சரியான கேள்வி."

யாரும் கை தட்டவில்லை. ஜொனாதன் தன் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரூபிகா நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவள் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, யோசெப்பினும் மாற்றிக்கொள்ளவில்லை. வெளியே படிக்கட்டில் இருவரும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டு நின்றார்கள்.

அதன் பிறகு பங்கில் இரண்டு பெண்கள் செவ்வாய்க்கிழமைகளில் சாமினியோடு இருக்க வந்தார்கள். ஒருத்தி மூன்றாம் கிழமையோடு நின்றுவிட்டாள். மற்றவள் இன்னும் வருகிறாள். குழுவின் பக்கத்தை வேறொருவர் பார்க்கிறார், அதில் எழுத்துப் பிழைகள் அதிகம்.

டில்ஷானி இரண்டு மாதம் பேசவில்லை. பிறகு ஒரு நாள், வானொலிக்கு எழுதிய பேச்சின் தமிழைப் பார்த்துத் தரும்படி அனுப்பியிருந்தாள். யோசெப்பின் திருத்தி அனுப்பினாள். ஒலிபரப்பான காலையில் வேலைக்குப் போகாமல் நின்று கேட்டாள். முடிந்ததும் தொலைபேசியை எடுத்து, பேச்சு நல்லாயிருந்தது, எனக்கு இண்டைக்கும் கொஞ்சம் பொறாமையாத்தான் இருந்தது என்று சொன்னாள்.

"சொன்னது நல்லது அக்கா," என்றாள் டில்ஷானி. "இனி எனக்குச் சொல்லுங்கோ, மண்டபக்காரருக்குச் சொல்லாதேங்கோ."